பனிப்புயலுக்கு முன் கிடைக்கும் இரண்டு நாட்கள்

பெரும்பனி பொழிந்து ஓய்ந்த மறுநாள், எமது அவசர சிகிச்சைப் பிரிவில் சில சொற்கள் திரும்பத் திரும்ப எமது காதில் விழுகின்றன. “மருந்து முடியப்போவது தெரியும், திங்கட்கிழமை எடுக்கலாம் என்று இருந்துவிட்டோம்.” “ஒரு தடவைதானே, அடுத்த டயாலிசிசுக்குப் போகலாம் என்று நினைத்தோம்.” “இரவே நெஞ்சு இறுகியது. இந்தப் பனிக்குள் பிள்ளைகளுக்குக் கரைச்சல் கொடுக்க விரும்பவில்லை.”

இவர்களில் எவருமே புயல் வருவதை அறியாதவர்கள் அல்லர். வானொலியும் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் இரண்டு நாட்களுக்கு முன்னரே அதைச் சொல்லியிருந்தன. ஆனால் கேட்ட செய்தி காருக்கும் வேலைக்கும் பிள்ளைகளின் பாடசாலைக்கும் உரியதாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. அது வீட்டிலுள்ள நோயாளருக்கும் உரிய செய்தி என்பது எவருக்கும் தோன்றவில்லை.

வானிலை முன்னறிவிப்பு ஒரு நோயாளருக்குத் தருவது நேரம். அந்த நேரத்தை எவ்வாறு பயன்படுத்துவது என்பதை ரொறன்ரோ பெரும்பாகத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் எமது நோயாளருக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் இங்கு விளக்க விரும்புகிறோம்.

முன்னறிவிப்பில் எதைப் பார்க்க வேண்டும்?

தென் ஒன்ராறியோவைத் தாக்கும் பெரும் பனிப்புயல்களிற் பல இங்கே உருவாவன அல்ல. அமெரிக்காவின் கொலராடோ, ரெக்சாஸ் பக்கங்களில் தோன்றும் தாழமுக்கங்கள் தெற்கிலிருந்து ஈரக்காற்றை இழுத்துக்கொண்டு வடகிழக்குத் திசையில் பேரேரிகளை நோக்கி நகர்கின்றன. அந்த ஈரக்காற்று இங்குள்ள குளிர்காற்றின் மீது ஏறும்போது பனி பொழிகிறது. இந்தப் பயணத்துக்குச் சில நாட்கள் எடுப்பதால்தான் புயலின் வருகை முன்கூட்டியே தெரிகிறது. அதேவேளை, தாழமுக்கத்தின் பாதை சில பத்துக் கிலோமீற்றர்கள் விலகினாலும் பனி பெய்ய வேண்டிய இடத்தில் மழை பெய்யக்கூடும். ஆகவேதான் “15 முதல் 25 சென்ரிமீற்றர் வரை” என்று ஒரு வீச்சாகச் சொல்கிறார்கள். ஆயத்தம் செய்யும்போது அந்த வீச்சின் மேல் எண்ணையே கணக்கில் எடுங்கள்.

ஏரிகளுக்கும் இதில் பங்குண்டு. கிழக்கிலிருந்து வீசும் காற்று ஒன்ராறியோ ஏரியைக் கடக்கையில் மேலும் ஈரத்தை வாரிக்கொள்வதால் ஹமில்ரன் போன்ற ஏரிக்கரை ஊர்களில் பனி கூடுவதுண்டு. ஹியூரன் ஏரியிலிருந்தும் ஜோர்ஜியன் விரிகுடாவிலிருந்தும் வரும் ஏரிப்பனி வேறு வகையானது. அது ஒடுங்கிய பட்டிகளாகப் பெய்யும். ஓர் ஊர் பனியில் புதைந்திருக்க அடுத்த ஊரில் வெயில் எறிக்கும். பரி போன்ற வடக்கு ஊர்களிலிருந்து எம்மிடம் சிகிச்சைக்கு வருவோர், தங்கள் ஊரின் முன்னறிவிப்போடு வழியிலுள்ள ஊர்களின் முன்னறிவிப்பையும் பார்க்க வேண்டும்.

முன்னறிவிப்பைப் பார்க்கும்போது நான்கு கேள்விகளுக்கு விடை தேடுங்கள்.

எப்போது? பனி தொடங்கும் நேரத்தையும் அது உச்சமடையும் நேரத்தையும் உங்கள் சிகிச்சை நாட்காட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரவு முழுவதும் மெல்லப் பெய்யும் 20 சென்ரிமீற்றரைவிட, காலை வேலைநேரத்தில் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் கொட்டும் 10 சென்ரிமீற்றர் உங்கள் பயணத்தை அதிகம் குழப்பலாம்.

எவ்வளவு? தென் ஒன்ராறியோவில் 12 மணித்தியாலத்துக்குள் 15 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேல் பனி எதிர்பார்க்கப்பட்டால், கனடாவின் சுற்றுச்சூழல் அமைச்சு பொதுவாகப் பனிப்பொழிவு எச்சரிக்கை விடுக்கிறது.

எந்த வகை? மென்பனி பயணத்தைத் தடுக்கும். உறைமழையோ மின்சாரத்தையும் பறிக்கும். கிளைகளிலும் கம்பிகளிலும் பனிக்கட்டி படிந்து அவற்றை முறித்துவிடும். 2013 டிசம்பரில் நத்தாருக்குச் சில நாட்களே இருந்தபோது பெய்த உறைமழையால் ரொறன்ரோவில் இலட்சக்கணக்கானோர் இருளில் இருந்தனர். சிலருக்குப் பல நாட்கள் மின்சாரம் வரவில்லை. வீட்டில் மின்சாரத்தால் இயங்கும் மருத்துவக் கருவி உள்ளவர்கள் “உறைமழை” என்ற சொல்லைக் கேட்டவுடன் விழிப்படைய வேண்டும்.

காற்று எப்படி? மணிக்கு 40 கிலோமீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட காற்றினால் 400 மீற்றருக்கு அப்பால் எதுவும் தெரியாத நிலை நான்கு மணித்தியாலமாவது நீடிக்குமென்றால், அது கடும் பனிப்புயல் எச்சரிக்கைக்கு உரியது. அந்நேரத்தில் தெருவில் இறங்குவது எவருக்குமே ஆபத்தானது. காற்றுக் குளிர் அளவு மறை 28 அல்லது அதற்குக் கீழ் சென்றால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையக்கூடும். நீரிழிவினால் கால்களில் உணர்வு குறைந்தவர்களுக்கு அது உறைவதே தெரியாது.

2025 நவம்பர் முதல் இவ்வெச்சரிக்கைகளுக்கு நிறமும் சேர்க்கப்பட்டுள்ளது. மஞ்சள் அடிக்கடி வருவது. செம்மஞ்சள் அரிதானது, பாதிப்பு கூடியது. சிவப்பு மிக அரிதானது, மிகக் கடுமையானது. ஆனால் இந்நிறங்கள் பொதுமக்கள் அனைவரையும் மனதிற்கொண்டு தரப்படுபவை. வாரம் மூன்று தடவை டயாலிசிஸ் செய்பவருக்கு மஞ்சளும் செம்மஞ்சளே.

முன்னறிவிப்பைப் பொருட்படுத்த வேண்டியதன் காரணத்தை 2022 ஜனவரி 17, திங்கட்கிழமை எமக்குக் கற்பித்தது. அன்று காலை சில மணித்தியாலத்துக்குள் ரொறன்ரோவில் 30 சென்ரிமீற்றருக்கு மேல் பனி கொட்டியது. டொன் வலி நெடுஞ்சாலையும் கார்டினர் நெடுஞ்சாலையும் மூடப்பட்டன. பேருந்துகள் பனியில் புதைந்து நின்றன. பெய்த பனியைச் சிறு வீதிகளிலிருந்து அகற்றி முடிக்கப் பல நாட்கள் எடுத்தன. இதிலுள்ள பாடம் எளியது: வானம் வெளுத்தவுடன் புயல் முடிந்துவிடுவதில்லை. ஒருநாள் புயலுக்கு மூன்று நாட்களாவது ஆயத்தமாக இருக்க வேண்டும்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள்

பனிப்புயலால் மிக விரைவாகப் பாதிக்கப்படுபவர்கள் இவர்களே. சிகிச்சைகளுக்கு இடையே இரண்டு நாள் இடைவெளி வரும் வார இறுதியே வழமையில் அவர்களது கடினமான காலம். புயலினால் அது மூன்று நாளாக நீண்டால் உடலில் நீர் தேங்கி மூச்சு முட்டலாம். அதனிலும் ஆபத்தானது குருதியில் பொற்றாசியம் கூடுவது. முன்னறிகுறி எதுவும் காட்டாமலே அது இதயத் துடிப்பைக் குழப்பவல்லது.

ஆகவே எச்சரிக்கை வந்த அன்றே உங்கள் டயாலிசிஸ் பிரிவை அழையுங்கள். சிகிச்சையை ஒருநாள் முன்தள்ளவோ நேரத்தை மாற்றவோ பல சமயங்களில் இயலும். புயலன்று காலை அழைப்பவருக்கு அந்த வாய்ப்பு இருப்பதில்லை.

புயற்கால உணவு பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரைகள் உங்களுக்குப் பொருந்தா என்பதையும் கவனியுங்கள். தகரத்தில் அடைத்த சூப்பிலும் உடனடி நூடில்சிலும் உப்பு மிகுதி. உப்பு தாகத்தைக் கூட்டும், தாகம் நீரைக் கூட்டும். ஊறுகாய், கருவாடு, அப்பளம் என்பனவும் அவ்வாறே. வாழைப்பழம், தோடம்பழம், தக்காளி, உருளைக்கிழங்கு, மரவள்ளி, கீரை, இளநீர் ஆகியவற்றில் பொற்றாசியம் மிகுதி. உப்புக்குப் பதிலாக விற்கப்படும் சில பொடிகள் பொற்றாசியத்தாலேயே ஆனவை; அவற்றைத் தொடவே வேண்டாம். சிகிச்சை தவறிய நாட்களில் சோறு, பாண், இடியப்பம் போன்றவற்றோடு, நிறைந்த நீரில் அவித்து அந்நீரை வடித்துவிட்ட சிறிதளவு மரக்கறி பாதுகாப்பானது. அந்நாட்களில் எவ்வளவு நீர் குடிக்கலாம் என்பதையும், பொற்றாசியத்தைக் குறைக்கும் மருந்தை வீட்டில் வைத்திருக்க வேண்டுமா என்பதையும் உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கைகால் சோர்வு, நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத்திணறல் ஏற்பட்டால் சாலை திறக்கும் வரை காத்திராது 911 ஐ அழையுங்கள்.

இன்சுலினும் ஒட்சிசனும்

இன்சுலின் ஒருமுறை உறைந்தால் பயனற்றது. உருகிய பின் பார்வைக்கு வழமைபோல் தோன்றினாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது. எனவே அதைக் காரில் விட்டுச் செல்ல வேண்டாம். மருந்தகம் வீட்டுக்கு அனுப்பும் பொதியைக் கதவடியில் வைத்துவிட்டுப் போக விடவும் வேண்டாம். பனியள்ளும் உழைப்பு குருதியில் சீனியைக் குறைக்கும். சிலருக்குச் சில மணித்தியாலங்கள் கழித்தும் குறையும். பனிக்குள் இறங்குமுன் சீனியின் அளவைப் பாருங்கள். சட்டைப்பையில் இனிப்பேதும் வைத்திருங்கள்.

வீட்டில் ஒட்சிசன் பெறுபவர்களின் கருவி மின்சாரத்தால் இயங்குவது. உங்களிடமுள்ள மாற்று உருளை, உங்களுக்கு விதிக்கப்பட்ட அளவில் எத்தனை மணித்தியாலம் தாங்கும்? இந்தக் கேள்விக்கு விடை தெரியாதவர்கள் ஒட்சிசன் வழங்கும் நிறுவனத்தை எச்சரிக்கை வந்த அன்றே அழைக்க வேண்டும். மின்சாரம் நின்றவுடன் மெழுகுதிரி ஏற்றுவது எம் வீடுகளின் வழக்கம். ஒட்சிசன் உள்ள அறையில் மெழுகுதிரி, குத்துவிளக்கு, சாம்பிராணி, சிகரெட் எதுவுமே கூடாது. தீ நொடியில் பரவும். மின்கல விளக்கொன்றை முன்னரே வாங்கி, கட்டிலருகே வையுங்கள்.

பனியள்ளுதலும் இதயமும்

இது வெறும் வீட்டுவேலையாகவே பலருக்குத் தோன்றுகிறது. ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஐந்து மீற்றர் அகலமும் ஆறு மீற்றர் நீளமும் கொண்ட வாகனப் பாதையில் 20 சென்ரிமீற்றர் பனி கிடந்தால் அது 6 கன மீற்றர். சாதாரண புதுப்பனியாயின் அதன் எடை ஏறத்தாழ 600 கிலோகிராம்; ஈரப்பனியாயின் அதனிலும் அதிகம். நகராட்சியின் பனி வாரி வாசலில் தள்ளிவிட்டுப் போகும் வரம்பு இன்னும் கனமானது, இறுகியது. மாதக்கணக்கில் உடற்பயிற்சியே செய்யாத ஒருவர், காலைத் தேநீரோடு வெளியே இறங்கி அரை மணித்தியாலத்தில் இதைத் தூக்கி எறிய முற்படுகிறார்.

அப்போது உடலில் நடப்பது என்ன? குளிரில் குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன. குருதி அழுத்தம் ஏறுகிறது. கால்களை ஊன்றிக் கைகளால் பாரம் தூக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். அழுத்தம் மேலும் ஏறுகிறது. இதயத்துக்குக் கூடுதல் ஒட்சிசன் தேவைப்படும் அதே நேரத்தில், அதற்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய்கள் ஒடுங்குகின்றன. கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் 2014 வரையான காலத்தை ஆராய்ந்த மருத்துவர்கள், 20 சென்ரிமீற்றர் பனி பெய்த மறுநாள், பனியே பெய்யாத நாளோடு ஒப்பிடுகையில் ஆண்களிடையே மாரடைப்பு மரணங்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அதிகமாக இருந்ததைக் கண்டனர். பனியள்ளுதலே இதற்கான முக்கிய காரணமாக இருக்கலாம் என்பது அவர்களது கருத்து.

முன்பு மாரடைப்பு வந்தவர்கள், இதயக் குழாயில் ஸ்ரென்ற் வைக்கப்பட்டவர்கள், இதய அறுவைச் சிகிச்சை பெற்றவர்கள், இதயம் பலவீனமானவர்கள், குருதி அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள் சவளைக் கையில் எடுக்கவே கூடாது என்று நாங்கள் சொல்கிறோம். பிள்ளைகளிடமோ அயலவரிடமோ கேட்பதில் வெட்கமில்லை. சில நகராட்சிகள் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பனியகற்ற உதவுகின்றன; அதற்குப் பருவத் தொடக்கத்திலேயே பதிவு செய்ய வேண்டும்.

ஏனையோரும் சாப்பிட்டவுடனும் புகைத்தவுடனும் பனியள்ளப் போக வேண்டாம். பனியைத் தூக்குவதைவிடத் தள்ளுவது நல்லது. சவளை அரைவாசி மட்டுமே நிரப்புங்கள், மூச்சை அடக்காதீர்கள், பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே வந்து ஆறுங்கள். பெய்து முடியும் வரை பொறுக்காமல் இடையிடையே அகற்றினால் பாரம் குறையும்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

பல வீடுகளில் வெப்பமூட்டியின் புகைக்குழாய் பக்கச் சுவரில், நிலத்திலிருந்து சிறிது உயரத்தில் இருக்கிறது. காற்று குவிக்கும் பனி அதை மூடிவிட்டால் காபன் மொனொக்சைட் வாயு வீட்டினுள் தங்கிவிடும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் என்பன வீட்டிலுள்ள பலருக்கும் ஒரே நேரத்தில் வந்தால் காய்ச்சல் என்றோ உணவு ஒவ்வாமை என்றோ எண்ண வேண்டாம். அனைவரும் உடனே வெளியேறி 911 ஐ அழையுங்கள். மின்சாரம் நின்ற வேளையில் கரியடுப்பை வீட்டினுள்ளோ கராஜிலோ மூட்டக் கூடாது. கராஜினுள் காரை இயங்கவிட்டுச் சூடாக்குவதும், புகைக்குழாய் பனியில் புதைந்திருக்கக் காரினுள் அமர்ந்திருப்பதும் அதே ஆபத்தைத் தருவன. புயலுக்கு முன் வாயு எச்சரிக்கை மணியின் மின்கலத்தைச் சோதியுங்கள். புயலின்போது புகைக்குழாயின் வாயைப் பார்த்துத் துப்புரவாக்குங்கள்.

பனிக்காகக் காத்திருக்கக் கூடாதவை

எம் மூத்தோரிடம் ஒரு பழக்கமுண்டு. தங்கள் வலியைப் பிள்ளைகளின் வசதிக்கேற்ப ஒத்திவைப்பார்கள். நெஞ்சு நோவதை “வாய்வு” என்று சொல்லி, இஞ்சித் தேநீர் குடித்து, விடியும் வரை இருந்துவிட்டு வந்தவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். மாரடைப்பில் இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் இறக்கிறது. விடியலில் நாங்கள் காப்பாற்றக்கூடியது இரவில் காப்பாற்றியிருக்கக்கூடியதிலும் குறைவு.

நெஞ்சிறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் நோவு, காரணமில்லாத குளிர்வியர்வை, மூச்சுத்திணறல். முகம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல். குருதியை ஐதாக்கும் மருந்து எடுப்பவர் வழுக்கி விழுந்து தலை அடிபடுதல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும், எவ்வளவு பனியாயினும் 911 ஐ அழையுங்கள். பெண்களிலும் நீரிழிவு உள்ளவர்களிலும் நெஞ்சு நோவில்லாமலே, களைப்பும் மூச்சுத்திணறலும் குமட்டலுமாக மாரடைப்பு வரலாம். புற்றுநோய்க்கான மருந்தேற்றும் காலத்தில் உடல் வெப்பம் 38 பாகை செல்சியசை எட்டினால், எந்நேரமாயினும் உங்களுக்குத் தரப்பட்டுள்ள அவசர எண்ணை உடனே அழையுங்கள். பிரசவ நாள் நெருங்கியவர்களும் எச்சரிக்கை வந்தவுடன் தங்கள் மருத்துவரோடு பேசி, எப்போது புறப்படுவது என்பதை முடிவு செய்ய வேண்டும்.

911 இல் முதலில் முகவரியைச் சொல்லுங்கள். ஆங்கிலம் சிரமமாயின் “தமிழ்” என்று சொன்னாலே மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். அம்புலன்ஸ் வரத் தாமதமாகலாம். அதனாலேயே அழைப்பைத் தாமதிக்கக் கூடாது. அவசரமில்லாத ஐயங்களுக்கு 811 ஐ அழைத்தால், இரவு பகல் எந்நேரமும் பதிவு பெற்ற தாதி ஒருவரோடு பேசலாம்.

எச்சரிக்கை வந்ததும் செய்ய வேண்டியவை

இரண்டு நாட்களுக்கு முன்:
• எல்லா மருந்துகளையும் எண்ணிப் பாருங்கள். ஒரு வாரத்துக்குப் போதாவிட்டால் அன்றே மருந்தகத்தை அழையுங்கள்.
• டயாலிசிஸ், மருந்தேற்றல், புண்ணுக்குக் கட்டுப்போடல் ஆகிய சிகிச்சைகளின் நேரத்தை மாற்ற இயலுமா என்று கேளுங்கள்.
• வீட்டுக்கு வரும் பராமரிப்புப் பணியாளர் வர முடியாவிட்டால் அவ்வேலையை யார் செய்வது என்று தீர்மானியுங்கள். செய்முறையை அவரிடமே கற்றுக்கொள்ளுங்கள்.

முதல்நாள்:
• தொலைபேசிகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் மின்னேற்றுங்கள்.
• மருந்துப் பட்டியல், ஒவ்வாமைகள், மருத்துவரின் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள்.
• வாசற்படிக்கு உப்பு தூவுங்கள்.

புயலன்று:
• தனித்திருக்கும் மூத்தோரைக் காலையும் மாலையும் அழையுங்கள். “சுகமா?” என்று மட்டும் கேட்காமல், மருந்து எடுத்தார்களா, வீடு சூடாக இருக்கிறதா, நெஞ்சில் ஏதும் செய்கிறதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.
• மறதிநோய் உள்ளவர் கதவைத் திறந்து வெளியே போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.
• அம்புலன்ஸ் வரவேண்டியிருந்தால் வாசல் விளக்கைப் போட்டு வையுங்கள்.

மறுநாள்:
• தவறிய சிகிச்சைக்கு உடனே புதிய நேரம் கேளுங்கள். எம்மிடமிருந்து அழைப்பு வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

முன்னறிவிப்பு சில வேளை பொய்க்கும். 25 சென்ரிமீற்றர் என்றார்கள், ஐந்துகூடப் பெய்யவில்லையே என்று சலித்துக்கொள்வோம். அவ்வாறு பொய்த்தால் நீங்கள் இழப்பது ஒன்றுமில்லை. எடுத்து வைத்த மருந்து அடுத்த வாரத்துக்கு உதவும். அது மெய்யாகும் நாளில் அந்த மருந்து உங்கள் வீட்டிலேயே இருக்கும்.